கிளிநொச்சி மெசினுக்கு ஹவுன்ஸ்லோவில் வைத்தியம்

கடந்த ஆவணி மாதம் ஒருநாள் பின்னேர வேலை முடிந்து வெளியே வந்தோம். இரவு பத்து மணி தாண்டியிருந்தது. நாங்கள் வேலை செய்வது விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் தொழிற்சாலை ஒன்றில். உள்ளே போகும்போது போனைப் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் போகவேண்டும். வெளியே வந்து திறந்தால் எங்களில் ஒருவனின் போனில் வீட்டிலிருந்து ஒரு வீடியோ வந்து கிடந்தது. யாருடைய முகமும் அதில் இல்லை. ஒரு பெரிய ரயர், சேற்றுக் கறை, சில்லின் நடுவிலிருந்து கீழ்நோக்கி வழிந்த கறுப்பு ஒயில். அவனுடைய அப்பாவின் குரல் மட்டும் கேட்டது.

"தம்பி, இடப்பக்கப் பின்சில்லாலை ஒயில் வருது. அந்தப் பக்கம் பிறேக்கும் பிடிக்குதில்லை. ஐப்பசிக்கு முன்னம் சரிப்பண்ண வேணும். என்ன செய்யிறதெண்டு யோசிச்சுச் சொல்லு."

பஸ் தரிப்பிடத்தில் நின்றபடி நாலு பேரும் அந்த வீடியோவை நாலு தரம் பார்த்தோம்.

நாங்கள் நாலு பேர் ஹவுன்ஸ்லோவில் ஒரே வீட்டில் இருக்கிறோம். ஒருவன் கிளிநொச்சி, ஒருவன் மன்னார், ஒருவன் வவுனியா, மற்றவன் பருத்தித்துறை. யாரும் ஓ.எல். தாண்டவில்லை. 2008ஆம் ஆண்டில் வன்னியில் பள்ளிக்கூடங்கள் மரத்துக்கு மரம் இடம்பெயர்ந்தபோது எங்களில் இருவரின் படிப்பு நின்றது. மற்ற இருவரின் படிப்பு அதற்கு முன்னரே நின்றுவிட்டது. கிளிநொச்சிக்காரன் பதினைந்து வயதில் ஒரு கராச்சில் ஸ்பனர் எடுத்துக் கொடுத்தவன். பருத்தித்துறைக்காரனுக்கு வள்ளத்து இயந்திரம் தெரியும், உழவு இயந்திரம் தெரியாது. எங்கள் கல்வித்தகைமை இவ்வளவுதான். இதைக் கொண்டு ஐயாயிரம் மைலுக்கு அப்பால் நிற்கிற ஒரு மெசினின் பின் அக்சிலைத் திருத்திய கதையைத்தான் எழுதப் போகிறோம். ஊரில் மெசின் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இது பயன்படும் என்று நினைக்கிறோம்.

அந்த மெசினின் சரித்திரம்

அது ஒரு மசி பேர்குசன் 35. சிவப்பு மூடி, சாம்பல் உடம்பு. எங்கள் நண்பனின் அப்பா 1978இல் அம்மாவின் நகையை விற்று, இரண்டாம் கையாக வாங்கியது. மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் இயந்திரம். இந்த 35 வகை 1957 முதல் 1964 வரை இங்கிலாந்தில் கொவென்றி நகரத்தில் பானர் லேன் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமான இயந்திரம் செய்த தொழிற்சாலை அது. 1946இல் அங்கே பேர்குசன் உழவு இயந்திரம் செய்யத் தொடங்கினார்கள். 2002இன் இறுதியில் கடைசி இயந்திரம் வெளிவரும்வரை முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்டவை அந்த வாசலால் வெளியே போயின. அவற்றிலொன்று கப்பலேறிக் கொழும்புக்கு வந்து, இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயலில் இறங்கியது.

இந்த இயந்திரத்தின் மூலவர் ஹரி பேர்குசன். அயர்லாந்தின் வடக்கே ஒரு கமக்காரக் குடும்பத்தில் 1884இல் பிறந்தவர். அவருக்கு முந்திய காலத்தில் கலப்பையை மெசினுக்குப் பின்னால் சும்மா கொழுவி இழுத்தார்கள். கலப்பை கல்லில் தட்டினால் மெசின் முன்பக்கம் கிளம்பி ஓட்டுநரின் மேலே கவிழ்ந்துவிடும். பேர்குசன் மூன்று முனையில் கலப்பையைப் பிணைத்து, ஒயில் அழுத்தத்தால் தூக்கி இறக்கும் முறையைக் கொண்டுவந்தார். இன்று உலகத்து வயல்களில் ஓடும் மெசின்களின் பின்பக்கத்தைப் பாருங்கள், அதே மூன்று முனைதான். 1958 ஜனவரி 4இல் எட்மண்ட் ஹிலரி தென்துருவத்தை அடைந்ததும் இவருடைய சின்னப் பேர்குசன் மெசின்களில்தான். பனியில் ஓடிய சாதி, எங்கள் சேற்றிலும் ஓடியது.

அப்பாவின் மெசின் உழுத வயலைவிட ஏற்றிய சனம் அதிகம். 1990இல் பொருளாதாரத் தடை வந்து டீசல் கிடைக்காமற் போனபோது மண்ணெண்ணெயில் ஒயில் கலந்து ஓடியது. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் இடம்பெயர்ந்து, பின்னர் சனம் கடல்நீரேரி கடந்து வன்னிக்கு வந்தபோது மூட்டை முடிச்சோடு அவர்களை ஏற்றியது. 1996இல் கிளிநொச்சியும் இடம்பெயர, ஸ்கந்தபுரத்துக்குப் போனது. கடைசியில் 2009இன் தொடக்கத்தில் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஒவ்வொரு இடமாக விட்டு விட்டுப் போய், முள்ளிவாய்க்காலுக்குக் கிட்ட நின்றுவிட்டது. பெட்டியில் இருந்தவர்கள் இறங்கி நடந்தார்கள். முகாமிலிருந்து வெளியே வந்தபின் அப்பா பலமுறை அலைந்து, குவித்துக் கிடந்த வாகனங்களுக்குள் எஞ்சின் நம்பரைத் தேய்த்துப் பார்த்துத் தன் மெசினைக் கண்டுபிடித்தார். ரயர் இல்லை, இருக்கை இல்லை, ரேடியேற்றரில் ஓட்டை. "உடம்பு கிடக்குது, உயிர் குடுக்கலாம்" என்றாராம். மூன்று வருடத்தில் உயிர் கொடுத்தார்.

இப்போது அவருக்கு எழுபது வயது. மூன்று ஏக்கர் சொந்தம். அயல் வயல்களையும் கூலிக்கு உழுதுகொடுத்துத்தான் வீடு ஓடுகிறது. மெசின் நின்றால் காலபோகம் போய்விடும். வாசலிலே லீசிங்காரர் வந்து நிற்கிறார். புது மெசின், மாதக் கட்டணம், கையெழுத்து வைத்தால் நாளைக்கே வாசலில். எத்தனை குடும்பங்கள் அப்படிக் கையெழுத்து வைத்து, மெசினையும் கொடுத்து, கடனையும் கட்டிக்கொண்டிருக்கின்றன என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

மகனால் போக முடியாது. அவனிடம் இருப்பது அகதிகளுக்குக் கொடுக்கும் நீலப் பயணப் புத்தகம். எல்லா நாட்டுக்கும் போகலாம், சொந்த நாட்டைத் தவிர. அப்பாவை நேரில் கண்டு பதினான்கு வருடம்.

லீக்ஸ் வாங்கப் போன இடத்தில்

ஹவுன்ஸ்லோ என்றால் எங்கள் ஆட்களுக்கு விமானச் சத்தமும் வரிசை வீடுகளும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இது ஒருகாலத்தில் கமம் செய்த பூமி. பக்கத்து ஹெஸ்டனில் விளைந்த கோதுமை முதலாம் எலிசபெத் மகாராணியின் காலத்தில் பேர்பெற்றது. ஹீத்துறோ என்பது ஒரு சின்னக் கிராமத்தின் பெயர். 1944இல் அந்த நிலத்தை எடுத்து ஓடுபாதை போடத் தொடங்கும்வரை அங்கே மரக்கறித் தோட்டங்கள் இருந்தன. லண்டன் சந்தைக்கு அங்கிருந்துதான் கோவா போனது. இன்றும் ஓடுபாதைக்கு அப்பால் சில துண்டு நிலங்கள் தப்பிக் கிடக்கின்றன.

அப்படி ஒரு துண்டில் எண்பது வயது தாண்டிய ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வாசலில் மேசை போட்டு மரக்கறி விற்பார். எங்கள் வவுனியா நண்பன் அவரிடம் லீக்ஸ் வாங்குவது வழக்கம். வீடியோ வந்த அடுத்த சனிக்கிழமை நாலு பேருமாகப் போனோம். கொட்டிலுக்குள் தார்ப்பாய் போர்த்தியபடி ஏதோ நின்றது. தார்ப்பாய்க்குக் கீழே சாம்பல் நிற முன் அக்சில் தெரிந்தது. கிளிநொச்சிக்காரன் கேட்காமலே உள்ளே போய்த் தார்ப்பாயைத் தூக்கிவிட்டான்.

மசி பேர்குசன் 35. மூன்று சிலிண்டர்.

திருவிழாவில் தொலைந்த பிள்ளை தாயைக் கண்டமாதிரி அவன் நின்றான். கிழவர் கோபிப்பார் என்று நாங்கள் பயந்தோம். அவர் கோபிக்கவில்லை. "உங்களுக்கு இது தெரியுமா?" என்று கேட்டார். எங்களுக்குத் தெரிந்த இங்கிலீசில் எல்லாவற்றையும் சொன்னோம். போனில் வீடியோவைக் காட்டினோம். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுத் தன் மெசினின் இடப்பக்கச் சில்லைக் கையால் காட்டினார். அதே இடம், அதே கறுப்புக் கறை! இரண்டு வருடமாக ஓட்டவில்லையாம். கை மூட்டுகள் வீங்கி ஸ்பனர் பிடிக்க முடியாதாம்.

அங்கேயே ஒரு உடன்படிக்கை வந்தது. உழைப்பு எங்களுடையது, சாமான் காசு அவருடையது, புத்தகமும் ஆயுதங்களும் அவருடையவை. அவருடைய மெசினில் நாங்கள் பழகுவோம். பழகியதைக் கிளிநொச்சிக்குச் சொல்வோம்.

பின் அக்சிலின் உள்ளே என்ன இருக்கிறது?

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறோம். இந்த வகை மெசினில் கியர்பொக்ஸ், பின் அக்சில், கலப்பை தூக்கும் பம்பு மூன்றுக்கும் ஒரே ஒயில்தான். முப்பது லீற்றர் அளவில் பிடிக்கும். நடுப்பெட்டியிலிருந்து இரண்டு பக்கமும் எக்காளம் போல ஒவ்வொரு இரும்புக்குழாய் போகிறது. அதற்குள் ஒரு சாப்ட். சாப்ட்டின் வெளிமுனையில் சில்லு பூட்டும் தட்டு. அந்தத் தட்டுக்குப் பின்னால் பிறேக். அதற்குப் பின்னால் ஒயில் சீல், பிறகு பெயரிங், பெயரிங்குக்குப் பின்னால் ஒரு இரும்புக் கொலர். குழாய்க்குள் இன்னொரு சீல்.

உள் சீலின் வேலை ஒயிலைப் பெயரிங்குக்கு வரவிடாமல் தடுப்பது. வெளிச் சீலின் வேலை பெயரிங்கிலிருந்து பிறேக்குக்கு எதுவும் வரவிடாமல் தடுப்பது. வயது போக ரப்பர் விறைக்கும். பெயரிங் தேய்ந்தால் சாப்ட் ஆடும், ஆட ஆடச் சீல் தேயும். எங்கள் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு. இரும்புக் கூட்டுச்சில்லைப் பூட்டிச் சேறடிக்கும்போது அக்சில் வரைக்கும் தண்ணீர் நிற்கும். ஒயில் வெளியே வருகிற வழியால் சேற்றுத்தண்ணீர் உள்ளே போகும்.

ஒயில் பிறேக்குக்குள் வந்தால் நட்டம் ஒயில் மட்டுமல்ல. இந்த மெசினுக்கு இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று இரண்டு பிறேக் மிதி. வயலில் திருப்புவதற்கு ஒன்றை மட்டும் மிதிக்கலாம். வீதியில் இரண்டையும் கொழுக்கியால் இணைத்துத்தான் ஓட்டவேண்டும். ஒரு பக்கம் ஒயிலில் வழுக்கினால், நெல் மூட்டை ஏற்றிய பெட்டியோடு வரும்போது மிதித்ததும் மெசின் மற்றப் பக்கம் இழுத்துக்கொண்டு வாய்க்காலுக்குள் போகும்.

மூன்று சனிக்கிழமை

முதற் சனிக்கிழமை சில்லைக் கழற்றினோம். முன்சில்லுகளுக்குக் கட்டை வைத்தோம். இடப்பக்கத்தைத் தூக்கியதும் கிழவர் தடித்த மரக்கட்டைகளைக் கொண்டுவந்து அக்சிலுக்குக் கீழே அடுக்கச் சொன்னார். "ஜக் தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல" என்றார். ஒரு பக்கத்தை மற்றப் பக்கத்தைவிட உயர்த்தி வைத்தால் ஒயில் எதிர்ப்பக்கம் ஓடிவிடும், முழுவதையும் வடிக்கத் தேவையில்லை என்பதையும் அன்றுதான் கற்றோம். ஆனால் ஒயிலைப் பார்த்தபிறகு வடிக்கத்தான் வேண்டியிருந்தது. அது பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. ஒயிலோடு தண்ணீர் கலந்தால் வரும் நிறம் அதுதான்.

பிறேக் ட்றம்மைப் பிடித்திருந்த இரண்டு திருகாணிகளையும் கழற்ற ஒரு மணித்தியாலம் போனது. ட்றம் வந்ததும் வவுனியா நண்பன் உள்ளே இருந்த தூசியை வாயால் ஊதப் போனான். கிழவர் பாய்ந்து தடுத்தார். பழைய பிறேக் சப்பாத்துகளில் அஸ்பெஸ்ரஸ் இருக்கும். அது நெஞ்சுக்குள் போனால் பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வரும். பிரித்தானியாவில் 1999இல் அது முழுவதும் தடைசெய்யப்பட்டது. ஆனால் பழைய மெசினுக்குள் கிடக்கிற தூசிக்குச் சட்டம் தெரியாது. ஈரத்துணியால் துடைத்து, பையில் கட்டி எறியவேண்டும். ஊரில் நாங்கள் எத்தனை ட்றம்மைக் காற்றடித்து ஊதியிருப்போம்!

பிறகு பின்தட்டைச் சுற்றியிருந்த நட்டுகளைக் கழற்றி, சாப்ட்டை முழுதாக வெளியே இழுத்தோம். தட்டு, பெயரிங், கொலர் எல்லாம் அதோடு வந்தன. தட்டுக்கும் குழாய்க்கும் நடுவில் தாள்போல மெல்லிய தகடுகள் சில இருந்தன. சிம் என்று சொல்வார்கள். கிழவர் அவற்றைத் துடைத்துக் கம்பியில் கோர்த்துச் சுவரில் மாட்டினார். ஏன் அவ்வளவு கவனம் என்று எங்களுக்கு அப்போது விளங்கவில்லை.

இரண்டாம் சனிக்கிழமை கொலரோடு போய்விட்டது. கட்டுரையில் முக்கியமான இடம் இதுதான். சீலை மாற்றவேண்டுமென்றால் பெயரிங்கைக் கழற்றவேண்டும். பெயரிங்கைக் கழற்றவேண்டுமென்றால் கொலரை உடைக்கவேண்டும். கொலர் சாப்ட்டில் இறுக்கிப் பூட்டியது, உருவ முடியாது. சாப்ட்டைத் தொடாமல் கொலரில் துளைபோட்டு, உளியால் ஒரே அடி. வெடிக்கும் சத்தத்தோடு பிளக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் செய்யக்கூடாது. பிளந்த கொலர் திரும்ப உதவாது. புதியது போடவேண்டும்.

அந்தக் கொலர் பார்க்க ஒன்றுமில்லாத வளையம். ஆனால் சாப்ட்டும் சில்லும் மெசினைவிட்டு வெளியே கழன்று போகாமல் பிடித்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். வேறு ஆணியோ பூட்டோ கிடையாது.

"ஒட்டிவிட்டால் என்ன?"

அன்று இரவு கிளிநொச்சிக்குப் போன் எடுத்து இதைச் சொன்னோம். அப்பா வேறு யோசனை சொன்னார். ஊரில் ஒரு திருத்துகிறவர் வந்து பார்த்திருக்கிறார். பழைய கொலரையே திரும்பப் போட்டு, நாலு இடத்தில் வெல்டிங் பிடித்துவிடலாம், ஒருநாள் வேலை என்றிருக்கிறார்.

"உங்களுக்குப் புத்தகம் தெரியும். எனக்கு மெசின் தெரியும். நாப்பத்தேழு வருசமா வைச்சிருக்கிறன். ஒட்டினால் என்ன, பிடிக்கும்தானே?"

மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், அழுத்திச் சொல்ல முடியவில்லை. பதினான்கு வருடம் காணாத தகப்பனோடு சண்டை பிடிக்க யாருக்கு மனம் வரும்? அப்போது மன்னார் நண்பன் போனைக் கையில் வாங்கினான். வழக்கத்தில் அதிகம் பேசாதவன்.

"ஐயா, நான் ஒரு கதை சொல்லவோ?" என்று தொடங்கினான். அவனுடைய மாமாவின் மெசினிலும் இதே கொலரை வெல்டிங் பிடித்தார்கள். சமாதான காலம். மூன்று கிழமை நன்றாக ஓடியது. வெல்டிங் சூட்டில் பெயரிங்கும் பழுதாகி, சாப்ட்டின் உருக்கும் கெட்டுப்போனது யாருக்கும் தெரியவில்லை. ஒருநாள் அறுவடை முடிந்து நெல்லேற்றிக்கொண்டு குளக்கட்டால் வரும்போது இடப்பக்கச் சில்லு, சாப்ட்டோடு சேர்ந்து, உறையிலிருந்து வாள் உருவினமாதிரி வெளியே வந்தது. மெசின் அந்தப் பக்கம் சரிந்தது. பெட்டியில் இருந்த இரண்டு பேர் பாய்ந்து தப்பினார்கள். மாமாவுக்குப் பாய நேரமிருக்கவில்லை. பன்னிரண்டு வயதில் அவன் அதைப் பார்த்திருக்கிறான். மூன்று வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், எங்களுக்கு அவன் இதைச் சொன்னதேயில்லை.

போனில் நெடுநேரம் சத்தமில்லை. நாய் குரைப்பது மட்டும் கேட்டது.

"சரி தம்பி. சாமான் எப்ப வரும்?" என்றார் அப்பா.

இரவு மூன்று மணிக்கு ஒரு கராச்

ஆளுக்கு நாற்பது பவுண் போட்டோம். பெயரிங் ஒன்று, உள் சீல், வெளிச் சீல், கொலர், ஒரு பக்கத்துக்குப் பிறேக் சப்பாத்து, பல தடிப்பில் சிம் தகடுகள். அறுபது வருடத்துக்கு முந்திய மெசினுக்கு இன்றும் எல்லாச் சாமானும் கிடைக்கிறது. சென்னையில் 1960இல் தொடங்கிய டாஃபே கொம்பனி இதே குடும்பத்து மெசின்களைச் செய்து வந்ததால் ஊர்ப்பக்கத்திலும் பல சாமான் தேடினால் கிடைக்கும். ஆனால் பெட்டியிலுள்ள பெயரை மட்டும் நம்பாமல் பெயரிங்கில் கொத்தியிருக்கும் இலக்கத்தைப் பார்த்து வாங்கவேண்டும். ஊருக்குப் போன ஒரு குடும்பம் தங்கள் பிள்ளைகளின் உடுப்புக்கு நடுவில் வைத்து அதைக் கொண்டுபோய்க் கொடுத்தது. அவர்களுக்கு இந்தப் பக்கத்தில் நன்றி சொல்கிறோம்.

கொலரையும் பெயரிங்கையும் கிளிநொச்சி நகரில் பிறெஸ் வைத்திருக்கும் ஒரு லேத் கடையில் ஏற்றினார்கள். சுத்தியலால் அடித்து இறக்கினால் புதுப் பெயரிங் அன்றே பழுதாகும். கொலரைச் சூடாக்கி, பிறெஸ்ஸில் அழுத்தி, ஆறவிட்டார்கள். வெல்டிங் ஒரு பொட்டும் இல்லை.

பூட்டிய நாள் இங்கே அதிகாலை மூன்று மணி, அங்கே காலை ஏழரை. குசினி மேசையில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு நாலு பேரும் சுற்றியிருந்தோம். அங்கே அம்மா போனைப் பிடித்துக்கொண்டிருந்தா. அப்பாவும் தம்பிக்காரனும் சாப்ட்டைத் தூக்கி உள்ளே விட்டார்கள். நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக இறுக்கினார்கள். அப்பா கையால் சுற்றிப் பார்த்தார். அசையவில்லை. கல் மாதிரி நின்றது.

"என்னடா இது?" என்றார் அப்பா.

இங்கே எங்களுக்கு வியர்த்தது. அப்போதுதான் கிழவர் கம்பியில் கோர்த்த தகடுகள் நினைவுக்கு வந்தன. இரண்டு பக்கச் சாப்ட்டும் நடுவில் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. எவ்வளவு இடைவெளி விட்டு நிற்கவேண்டும் என்பதை அந்தத் தகடுகளே தீர்மானிக்கின்றன. ஒன்று குறைந்தால் பெயரிங் நெரிபட்டு, ஓடும்போது எரிந்துவிடும். கூடினால் சாப்ட் ஆடி, புதுச் சீலைத் தின்றுவிடும். "எல்லாத்தையும் சுரண்டிச் சுத்தமாக்குங்கோ" என்று சொன்னது நாங்கள்தான். பழைய சேற்றோடு ஒட்டியிருந்த தகட்டையும் தம்பிக்காரன் சுரண்டி எறிந்திருக்கிறான். அவனில் பிழையில்லை. தகட்டை எண்ணி எடுத்துவைக்கச் சொல்ல மறந்த நாங்கள்தான் பிழை.

நல்லகாலம், புதுத் தகடுகள் பெட்டிக்குள் இருந்தன. திரும்பக் கழற்றினார்கள். மெல்லிய தகடு ஒன்று, சுற்றிப் பார்த்தார், இறுக்கம். இன்னொன்று. இம்முறை சுற்றியது. கிழவரின் புத்தகத்தில் சொன்னபடி சாப்ட்டை இழுத்தும் தள்ளியும் பார்க்கச் சொன்னோம். மயிரிழை அளவு அசைவு இருந்தது. "இவ்வளவும்தான் இருக்கவேணும்" என்றான் மகன். அப்பா இன்னொருமுறை தள்ளிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அவருடைய கை இயந்திரத்தை எங்களைவிட நன்றாக அறியும். நாங்கள் சொன்னது சரியென்று அந்தக் கை ஒப்புக்கொண்டது.

பழைய ஒயிலைத் தெளியவிட்டு மேலால் எடுத்து ஊற்றலாமா என்றும் கேட்டார். வேண்டாமென்றோம். தண்ணீர் கலந்த ஒயில் கியரையும் பம்பையும் தின்றுவிடும். முப்பது லீற்றர் புது ஒயிலுக்கு அடுத்த மாதச் சம்பளத்தில் கைவைத்தோம். கடைசியாக, இரண்டு மிதியையும் இணைத்து, வெறும் வீதியில் மெதுவாக ஓட்டி, இரண்டு பக்கமும் ஒரே அளவாகப் பிடிக்கும்வரை பிறேக்கைச் சரிப்படுத்தினார்கள். அதுவரைக்கும் பெட்டி கொழுவவில்லை.

இப்போது

ஐப்பசியில் முதல் மழை விழுந்தபோது அப்பா தன் மூன்று ஏக்கரையும் உழுது விதைத்தார். பிறகு அயலவர்களின் வயலையும் உழுதார். ஒயில் வரவில்லை. லீசிங்காரரும் வரவில்லை.

கிழவரின் மெசினை மூன்றாம் சனிக்கிழமையே முடித்துவிட்டோம். இரண்டு வருடத்துக்குப் பிறகு அது தோட்டத்தில் இறங்கியது. முதல் சுற்று அவர் ஓட்டினார். இரண்டாம் சுற்றுக்கு எங்கள் கிளிநொச்சிக்காரனை ஏற்றிவிட்டார். தலைக்கு மேலே விமானம் விமானமாக இறங்கிக்கொண்டிருந்தது. அவன் எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சாலைப் பார்த்து ஓட்டினான். இறங்கியபோது, "கிளச் அப்பாவின்ரையைவிட இறுக்கம்" என்று மட்டும் சொன்னான்.

இதை வாசிக்கும் உறவுகளுக்குச் சில வார்த்தைகள். ஊரிலிருந்து "மெசின் பழுது, காசு அனுப்பு" என்று வந்தால் காசை மட்டும் அனுப்பிவிட்டு இருக்காதீர்கள். எந்தப் பக்கம், என்ன நிறத்தில் ஒயில், பிறேக் பிடிக்கிறதா என்று கேளுங்கள். பின் அக்சிலைத் திறந்தால் தகடுகளை எண்ணிக் கம்பியில் கோர்க்கச் சொல்லுங்கள். பிறேக் தூசியை ஊதவேண்டாமென்று சொல்லுங்கள். ஜக்கை நம்பி அடியில் படுக்கவேண்டாமென்று சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கொலரை ஒட்டவேண்டாமென்று சொல்லுங்கள். புதுக் கொலரின் விலை எங்கள் அரைநாட் கூலியைத் தாண்டாது.

எங்கள் குசினி யன்னலில் பிளந்த கொலர் ஒன்று இருக்கிறது. கிழவரின் மெசினில் எடுத்தது. மன்னார் நண்பன்தான் அதைக் கழுவிக் கொண்டுவந்து அங்கே வைத்தான். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.